துவர்ப்பை அறிந்த நாவுக்கு முப்பது யூரோ வைன் தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் கடந்த ஞாயிறு இணைப்பில், வீட்டு விருந்துகளில் வைன் பரிமாறுவது பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு வாசித்தேன். பிரான்சில் வாழும் நம்மவரின் கொண்டாட்டங்களில் விஸ்கியும் கொன்யாக் பிராந்தியும் பிடித்திருந்த இடத்துக்கு, உணவோடு சேர்த்து அருந்தும் வைன் மெல்ல வந்துகொண்டிருப்பதை அக்கட்டுரை சரியாகவே கவனித்திருக்கிறது. ஆயினும் அதிலுள்ள இரண்டு கூற்றுகளை என்னால் ஏற்க முடியவில்லை. முப்பது யூரோவுக்குக் குறைந்த சிவப்பு வைன் விருந்தினர் முன் வைக்கத் தக்கதன்று என்பது ஒன்று. நமது உறைப்பான கறிகளுக்குச் சிவப்பு வைன் எவ்வகையிலும் ஒத்துவராது என்பது மற்றொன்று. 1997 முதல் பாரிஸ் உணவகங்களின் குசினிகளில், முதலில் கோப்பை கழுவுபவனாகவும் பின்னர் சமையலாளனாகவும் வேலை செய்துவரும் எனக்கு, இரண்டாவது தவறு முதலாவது தவறின் வயிற்றில் பிறந்தது என்றே தோன்றுகிறது.

நான் பல வீடுகளில் கண்டது இதுதான். பிள்ளையின் பிறந்தநாளுக்கு நாற்பது யூரோ கொடுத்து, போர்தோ வட்டாரத்து மெதொக் பகுதியின், துவர்ப்பு இன்னும் அடங்காத இளம் சிவப்பு வைன் போத்தல் ஒன்றை வாங்கி வருவார்கள். வறுத்து இடித்த யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளில் கொதித்த ஆட்டிறைச்சிக் கறியோடு அதை ஊற்றிக் கொடுப்பார்கள். ஒரு மிடறு குடித்தவரின் வாய் வறண்டு, நாக்கு எரிந்து, முகம் சுளிக்கும். சிவப்பு வைன் கசக்கும், நமக்குச் சரிவராது என்ற தீர்ப்பு அந்த மேசையிலேயே எழுதப்பட்டுவிடும். அந்தப் போத்தலும் நல்லது, அந்தக் கறியும் நல்லது. இரண்டையும் ஒரே தட்டில் சந்திக்க வைத்ததுதான் பிழை. பத்து யூரோவுக்கு உட்பட்ட வேறொரு போத்தல் அன்றைக்கு அந்த வீட்டாருக்கு மகிழ்ச்சியைத் தந்திருக்கும்.

இதை விளங்கிக்கொள்ள நமக்கு அந்நியமான கலைச்சொல் எதுவும் தேவையில்லை என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். அறுசுவையில் துவர்ப்பைத் தனியொரு சுவையாக எண்ணிப் பெயரிட்ட மொழி நமது மொழி. நாவற்பழம், பாக்கு, வாழைப்பூ, மாதுளைத் தோல் ஆகியவற்றை வாயிலிட்டு வளர்ந்த எவருக்கும், நாவின் மேற்பரப்பு இழுபட்டு உலரும் அந்த உணர்வு என்னவென்று தெரியும். சிவப்பு வைனில் இருப்பதும் அதே துவர்ப்புத்தான். கறுப்புத் திராட்சையின் தோலும் விதையும் சாற்றோடு சேர்ந்து நொதிக்கும்போது, அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் வைனில் இறங்குகிறது. அது நமது உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதனாலேயே வாய் வறள்கிறது. கடுஞ்சாயத் தேநீரில் பால் விட்டவுடன் அதன் துவர்ப்பு அடங்குவதை நாள்தோறும் காண்கிறோம்; அங்கே துவர்ப்புப் பொருளுக்கு உமிழ்நீருக்குப் பதிலாகப் பாலின் புரதம் கிடைத்துவிடுகிறது. கொழுப்புள்ள இறைச்சியை உப்பிட்டுச் சுட்டு, அதோடு துவர்ப்பு மிக்க வைனைப் பிரெஞ்சுக்காரர் அருந்துவதன் காரணமும் இதுவே. வாழைப்பூ வறைக்கு நம் தாய்மார் தேங்காய்ப்பூவைத் தாராளமாகச் சேர்த்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

துவர்ப்போடு கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு உள்ளன. ஒன்று மதுசாரம், அதாவது அல்கஹோல். மிளகாயின் எரிவை உணரும் அதே நரம்பு முனைகளை மதுசாரமும் தூண்டுவதால், பதினான்கரை விழுக்காட்டு வைனும் உறைப்பான கறியும் சேரும்போது எரிவு கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை. போத்தலின் சீட்டில் இந்த விழுக்காடு கட்டாயம் அச்சிடப்பட்டிருக்கும். நம்மவர் விலையைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டிய எண் அது. மற்றொன்று புளிப்பு. புளி கரைத்த குழம்பை உண்டபின் புளிப்புக் குறைந்த வைனைக் குடித்தால் அது உயிரற்ற, தட்டையான பானமாகத் தெரியும்; உணவின் புளிப்புக்கு ஈடுகொடுக்கும் புளிப்பு வைனிலும் இருந்தால்தான் இரண்டும் சமமாக நிற்கும். ஆக, நமது சமையலுக்கு வேண்டியது துவர்ப்பும் மதுசாரமும் குறைந்த, புளிப்புத் தெளிவாக உள்ள சிவப்பு வைன். அத்தகைய வைன்களில் மிகப் பல, பிரான்சில் மலிவாகக் கிடைப்பவை என்பது நமது நல்வாய்ப்பு.

அவற்றுள் முதலில் நான் சொல்வது, லியோன் நகருக்கு வடக்கேயுள்ள பொஜொலே மலைச்சரிவுகளின் வைன். அது கமே என்ற திராட்சையிலிருந்து வருவது. 1395 ஆம் ஆண்டில் பொஜொலேக்கு வடக்கேயுள்ள பூர்கோஞ் நாட்டின் பிரபு பிலிப், இந்தக் கொடி அளவுக்கு மீறிக் காய்த்து மட்டமான வைனைத் தருகிறது என்று கூறி, அதைத் ‘துரோகக் கொடி’ என்று பழித்துத் தன் ஆட்சிப் பரப்பிலிருந்து பிடுங்கி எறிய ஆணையிட்டார். ஆனால் அங்கே பழிக்கப்பட்ட அதே கொடி, தெற்கே பொஜொலேயின் கருங்கல் மண்ணில் தன் முழு அழகையும் காட்டியது. அங்கே குலைகளை நசுக்காமல் முழுமையாகவே தொட்டியில் இட்டு, கரியமில வாயு சூழ நொதிக்க விடுவதால், தோலின் நிறமும் பழத்தின் மணமும் இறங்கும் அளவுக்குத் துவர்ப்பு இறங்குவதில்லை. நவம்பரின் மூன்றாவது வியாழக்கிழமை ஆரவாரத்தோடு வெளியாகும் புதுப் பொஜொலேயை மட்டும் குடித்துவிட்டு அந்தப் பகுதியையே மதிப்பிடுவது நியாயமன்று. மொர்கோன், ஃப்ளூரி, புரூயி முதலிய பத்துச் சிறு பகுதிகள் தத்தம் பெயரிலேயே வைனை வெளியிடுகின்றன. அவற்றை வாங்க இயலாத நிலையிலும், ‘பொஜொலே வில்லாஜ்’ என்று சீட்டிட்ட போத்தலை ஆறிலிருந்து ஒன்பது யூரோவுக்குள் பெரும்பாலான கடைகளில் வாங்கலாம்.

லியோனின் சிறிய உணவகங்களில் இந்த வைனைப் போத்தலாகக் கொண்டுவருவதில்லை. அடித்தடிப்பான, 46 சென்ரிலீற்றர் கொள்ளும் ஒரு கண்ணாடிக் குடுவையில் நிரப்பி, ரொட்டியையும் உப்பிறைச்சியையும் வைப்பதுபோலவே மேசையில் வைத்துவிடுகிறார்கள். சீட்டும் இல்லை, ஆண்டும் இல்லை, அதைப் பற்றிய சொற்பொழிவும் இல்லை. நான் கோப்பை கழுவிய முதல் ஆண்டில், வேலை தொடங்குமுன் ஊழியர்களுக்கு இடப்பட்ட சாப்பாட்டில் ஒருநாள், உப்பிட்ட பன்றியிறைச்சியோடு அவித்த பச்சைப் பயறுபோன்ற பருப்பு இருந்தது. தலைமைச் சமையலாளர் ஒரு சிறிய குவளையில் குளிர்ந்த பொஜொலேயை ஊற்றித் தந்தார். பருப்பின் மண்வாசமும் உப்பும் அந்தப் பழப்புளிப்பும் சேர்ந்தபோது, ஊரில் பருப்புக் கறிக்குக் கடைசியில் தேசிப்புளி விடுவதேன் என்பது எனக்குப் புதிதாக விளங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, பருப்பு, மிளகு தூக்கலான கோழிப் பிரட்டல் ஆகியவற்றுக்கு நான் முதலில் தேடுவது அந்த வைனைத்தான்.

விலை ஏன் இப்படி வேறுபடுகிறது என்பதையும் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. வரி அதற்குக் காரணமன்று. பிரான்சில் வைனுக்கான தனி வரி 100 லீற்றருக்கு ஏறத்தாழ 4 யூரோ மட்டுமே. ஒரு போத்தலுக்குக் கணக்கிட்டால் 3 சதம் வரும். அதன்மேல் பெரும்பாலான பொருள்களுக்கு உள்ளதுபோன்ற 20 விழுக்காட்டு விற்பனை வரி சேர்கிறது. உண்மையில் விலையை உயர்த்துபவை நிலமும் மரப்பீப்பாயும் பெயரும். மெதொக்கின் பொய்யாக் ஊரில் ஒரு ஹெக்டேர் திராட்சைத் தோட்டம் இருபது இலட்சம் யூரோவைத் தாண்டுகிறது; தெற்கே லாங்தொக்கில் அதே பரப்பு பெரும்பாலும் இருபதாயிரம் யூரோவுக்குள் அடங்கிவிடும். 225 லீற்றர் கொள்ளும் புதிய ஓக் பீப்பாய் ஒன்றின் விலை 700 யூரோவுக்கு மேற்பட்டது. அது நிரப்புவது 300 போத்தல்களை மட்டுமே. பீப்பாயின் செலவு வைனுக்குப் புகையும் வனிலாவும் கலந்த மணத்தையும் கூடுதல் துவர்ப்பையும் தருகிறது. மல்லியும் சீரகமும் பெருஞ்சீரகமும் ஏலக்காயும் ஏற்கெனவே நிறைந்திருக்கும் நமது கறிக்கு அந்த மணத்தால் என்ன பயன்? காசு கொடுத்து வாங்கிய அந்த நுட்பம் முதல் கவளத்திலேயே கறிக்குள் மறைந்துபோகும். போர்தோவின் புகழ்பெற்ற 1855 ஆம் ஆண்டு வகைப்பாடுகூட, அவ்வாண்டின் பாரிஸ் கண்காட்சிக்காக வணிகத் தரகர்கள் அந்நாளைய சந்தை விலையை அடிப்படையாகக் கொண்டு தயாரித்த பட்டியலே. விலையே தரத்தின் அளவுகோல் என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக ஊன்றப்பட்டது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

லாங்தொக்கின் கொர்பியேர், மினெர்வுவா வைன்களை நான் தனி மரியாதையோடு குறிப்பிடுகிறேன், ஏனெனில் அவை உழைப்பாளரின் வைன்கள். 1907 ஆம் ஆண்டில், விலை வீழ்ச்சியாலும் சீனியும் தண்ணீரும் கலந்து செய்யப்பட்ட போலி வைனாலும் நொடிந்துபோன தெற்கத்திய திராட்சை விவசாயிகள், மார்செலின் அல்பேர் என்பவரின் தலைமையில் இலட்சக்கணக்கில் மொன்பெலியே நகரில் திரண்டார்கள். நார்போனில் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கலப்படத்தைத் தடுக்கும் சட்டம் அந்தப் போராட்டத்தின் விளைவாகவே வந்தது. அதே வட்டாரத்தின் மரொசான் ஊரில் 1901 இல் தொடங்கிய வைன் கூட்டுறவுச் சங்கம், இந்நாட்டின் முன்னோடிக் கூட்டுறவுகளுள் ஒன்று. யாழ்ப்பாணத்தில் கள் இறக்கும் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களை அறிந்தவர்களுக்கு, சிறு விவசாயிகள் சேர்ந்து தம் விளைச்சலைத் தாமே விற்பதன் பொருள் விளங்கும். இன்றும் ஐந்து முதல் எட்டு யூரோவுக்குள் கிடைக்கும் நேர்மையான சிவப்பு வைன்கள் பல, இத்தகைய கூட்டுறவுகளிலிருந்தே வருகின்றன. கள்ளை நம் ஊரில் எவரும் விலையால் மதித்ததில்லை. எந்த மரத்தது, எப்போது இறக்கியது என்றுதான் கேட்டார்கள். அதே கேள்வியை இங்கேயும் கேட்போமே.

கொர்பியேரில் கரினியான், கிரெனாஷ், சிரா என்ற திராட்சைகள் கலந்திருக்கும். வெயில் மிகுந்த நிலமாதலால் மதுசாரம் சற்று உயர்ந்தே இருக்கும். ரோன் ஆற்றின் தென்பகுதியிலிருந்து வரும் கோத் து ரோன் வைனும் அப்படியே. எனவே இவற்றை மிளகாய் எரியும் குழம்போடு நான் வைப்பதில்லை. உறைப்பைக் குறைத்து, மிளகும் கறுவாவும் தூக்கலாக இட்டு, எண்ணெய் பிரியும்வரை வற்றவிட்ட ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு கோத் து ரோனைக் குடித்துப் பார்க்க வேண்டும். சிராவில் இயல்பாகவே உள்ள மிளகு மணமும் கறியின் மிளகும் ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும். பிரெஞ்சு மேசையில் இதே வைன்கள் வாத்துக் கொழுப்பில் வெந்த வெள்ளை அவரைக்கும், அடுப்பில் நெடுநேரம் வாட்டிய ஆட்டுத் தொடைக்கும் துணையாவதும் அந்தக் கொழுப்பின் பொருட்டே. புளிக் குழம்புக்கும் தக்காளி மிகுந்த கறிக்கும் லுவார் ஆற்று வட்டாரத்தின் ஷினோன் எனக்குப் பிடித்தது. கபெர்னே பிரான் என்ற திராட்சையின் வைன் அது. புளிப்பு நிமிர்ந்து நிற்கும், பச்சை மிளகாயின் தோலைக் கிள்ளியதுபோன்ற மெல்லிய பச்சை வாசமும் உண்டு. கறிவேப்பிலை தாளித்த உணவோடு அந்த வாசம் எவ்வளவு இயல்பாக இணைகிறது என்பதைப் பலருக்கு ஊற்றிக் காட்டி மகிழ்ந்திருக்கிறேன்.

கடலுணவில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். கணவாய், இறால், சிப்பி ஆகியவற்றோடு சிவப்பு வைனைக் குடித்தால் வாயில் ஒரு பச்சை மீன் நாற்றம் எழுவதை அனுபவித்தவர்கள் உண்டு. வைனில் கரைந்துள்ள இரும்புச் சத்தே இதற்குக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009 இல் காட்டினார்கள். ஆகவே கடலுணவு இட்டு ஒடியற்கூழ் காய்ச்சும் நாளில் சிவப்பு வைனை மூடிவைத்துவிடுவதே சரி. சூரை மீனை மிளகு தடவிப் பொரித்தால், குளிர்ந்த பொஜொலே அதற்கு இசைகிறது. அதற்கப்பால் நான் வற்புறுத்த மாட்டேன்.

கட்டுரையில் ‘சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும்’ என்று ஒரு வரி இருந்தது. அது பழைய வீடுகளின் காலத்து அறிவுரை. கணப்பு அடுப்பு மட்டுமே இருந்த அந்நாளைய கல்வீடுகளின் அறை 16, 17 பாகையில் இருந்தது. நமது அடுக்குமாடி வீடுகள் குளிர்காலத்திலும் 21 பாகைக்குச் சூடேற்றப்பட்டிருக்கின்றன, ஆடி மாதத்திலோ சொல்லவே வேண்டாம். சூடேறிய சிவப்பு வைனில் மதுசாரம் மூக்கில் ஏறி, பழத்தின் மணத்தை மறைத்துவிடும். பொஜொலேயையும் ஷினோனையும் குளிர்பெட்டியில் அரை மணி நேரத்துக்கு மேல் வைத்து, 13 அல்லது 14 பாகையில் ஊற்ற வேண்டும். தெற்கத்திய வைன்களுக்கும் கால் மணி நேரக் குளிர்ச்சி நன்மையே செய்யும். செலவில்லாமல் ஒரு வைனை மேம்படுத்த இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. யவனர் கலங்களில் கொண்டுவந்த மதுவைப் புறநானூற்றின் 56 ஆம் பாடல் ‘தண்கமழ் தேறல்’ என்று குறிக்கிறது. குளிர்ச்சியையும் மணத்தையும் ஒரே சொல்லில் சேர்த்துவைத்த அந்தப் புலவரின் நாவை நான் வியக்கிறேன்.

மலிவு என்றவுடன் அளவின்றிக் குடிக்கலாம் என்று எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. குடி நம் குடும்பங்களில் செய்த கேட்டை நான் அருகிலிருந்து பார்த்தவன். இந்நாட்டின் பொதுச் சுகாதார நிறுவனம் 2017 முதல் கூறிவருவது, வாரத்தில் பத்துக் குவளைக்கு மேல் கூடாது, ஒரு நாளில் இரண்டுக்கு மேல் கூடாது, குடிக்காத நாள்களும் இருக்க வேண்டும் என்பதே. அங்கே குவளை எனப்படுவது 100 மில்லிலீற்றர் அளவு மட்டுமே; ஒரு போத்தலில் அத்தகைய ஏழு குவளைகளுக்கு மேல் இருக்கின்றன. குடிக்காதவர் புதிதாகத் தொடங்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை. குடிப்பவர், வெறும் வயிற்றில் விஸ்கியை விழுங்குவதைவிட, சோற்றோடும் கறியோடும் ஒரு குவளை வைனை மெல்ல அருந்துவது மேலானது என்பதே என் கருத்து. மீந்த போத்தலைத் தக்கையால் மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள்களுக்குக் கெடாது; தீர்த்துவிட வேண்டுமென்ற அவசரம் யாருக்கும் வேண்டாம்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. இதே பொருளில் மீண்டும் கட்டுரை வெளியிடுவதாயின், வைன்களின் பெயர்களை வரிசையாகத் தந்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உணவைச் சொல்லும் முறையை மாற்றி, நம் வீட்டுக் கறியை முதலில் எழுதி, அதன் எதிரே வைனின் பெயரையும் மதுசார விழுக்காட்டையும் விலையையும் அச்சிடுங்கள். செப்டெம்பரில் பேரங்காடிகளின் வைன் விற்பனை வாரங்கள் தொடங்குமுன் அது வெளிவந்தால், பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாசப்பலில் மரக்கறியும் மீனும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் வாசகர்கள், வழியிலுள்ள கடையில் ஏழு யூரோ போத்தல் ஒன்றையும் எடுத்துச் சென்று, அன்றைய கறியோடு தாமே ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

இங்ஙனம்,
உணவகச் சமையலாளராகப் பணிபுரியும் வாசகர் ஒருவர்,
பாரிஸ்.